கணக்கைக் கிளவுடில் ஏற்றும் முன்: கடற்கரைச் சிறுதொழிலுக்கு ஓர் எளிய விளக்கம்

ராமேஸ்வரம் தீவில், பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ ஒரு கடையில் நான்கைந்து ஆண்டுகள் ஓடிய கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு, உப்புக்காற்று என்ன செய்யும் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. திருகாணிகள் துருவேறித் தலை மழுங்கியிருக்கும். மின்விசிறியின் இதழ்களில் ஈரத்தோடு படிந்த தூசு களிம்புபோல் ஒட்டியிருக்கும். நினைவகப் பலகையின் பொன்னிறப் பற்களில் மங்கலான கறை ஏறியிருக்கும். பழுது பார்க்க வருகிறவர் அந்தப் பலகையைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் பற்களைத் தேய்த்துத் துடைத்து மறுபடியும் பொருத்துவார். பெரும்பாலும் கணினி உயிர்பெற்றுவிடும். உயிர்பெறாத நாளும் ஒன்று வரும்.

நான் இந்தக் கரையோரத்தில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்து கொடுப்பவன். எனக்குப் பழக்கமான கருவாட்டு வியாபாரி ஒருவரின் கடையில் அந்த நாள் வந்தது. ஹார்டு டிஸ்க் போய்விட்டது. மூன்று ஆண்டுக் கணக்கு அதற்குள் இருந்தது. நகல் இருக்கிறதா என்று கேட்டபோது, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துத் தந்தார். அதில் கடைசியாக நகலெடுத்த நாள் பதினான்கு மாதங்களுக்கு முந்தையதாக இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, எல்லாரும் கிளவுடு கிளவுடுங்கிறாங்களே, அதுல போட்டு வச்சிருந்தா தப்பிச்சிருக்குமா?" என்று கேட்டார். ஹார்டு டிஸ்க் போனதிலிருந்து தப்பியிருக்கும், ஆனால் அன்றைக்கு அவருடைய கணக்கு இருந்த நிலையில் வேறொரு வழியாகச் சிக்கியிருக்கும் என்பதுதான் நேர்மையான பதில். அந்த பதிலை விரித்துச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஐஸ் கம்பெனியும் கிளவுடும்

கிளவுட், அதாவது மேகக் கணிமை, என்ற பெயருக்கும் வானத்துக்கும் தொடர்பில்லை. வலையமைப்புகளை வரைபடமாகப் போடும் பொறியாளர்கள், தங்கள் கைக்கு எட்டாத இணையப் பகுதியை ஒரு மேக வடிவமாகக் கோடிட்டுக் காட்டுவது வழக்கம். அந்த வழக்கத்திலிருந்து பெயர் வந்தது. கிளவுட் இருப்பது தரையில்தான். குளிரூட்டப்பட்ட பெரிய கூடங்களில் அடுக்கடுக்காக நிற்கும் கணினிகளும், அவற்றில் இருக்கும் இடத்தையும் திறனையும் இணையம் வழியாகப் பலருக்கு வாடகைக்கு விடும் ஏற்பாடும் சேர்ந்ததே அது. அமேசான் நிறுவனம் 2006-ல் இப்படி வாடகைக்கு விடத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் 2015-ல் புனே, சென்னை, மும்பை ஆகிய ஊர்களிலும், அமேசான் 2016-ல் மும்பையிலும் இந்தியாவுக்கான மையங்களைத் திறந்தன. ஆகவே ராமேஸ்வரத்துக் கடையின் கணக்கு வெளிநாட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னையில் ஒரு கட்டடத்தில்கூட இருக்கலாம்.

இதைப் புரிந்துகொள்ள நம் கரையில் ஐஸ் கம்பெனியைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. விசைப்படகு வைத்திருப்பவர் தன் படகுக்கென்று தனியாக ஓர் ஐஸ் கம்பெனி கட்டிக்கொள்வதில்லை. டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் நாளில் எத்தனை பார் (பெரிய ஐஸ் கட்டி) தேவையோ அத்தனையை வாங்கி, உடைத்து, பெட்டியில் நிரப்பிக்கொள்கிறார். மீன்பாடு நன்றாக இருக்கும் பருவத்தில் கூடுதலாக வாங்குகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவருடைய விசைப்படகுக்கு ஒரு பார்கூடத் தேவைப்படுவதில்லை. அமோனியா கம்ப்ரசரின் பழுதும், மின்கட்டணமும், இரவு ஆள் கூலியும் ஐஸ் கம்பெனிக்காரரின் பாடு. படகுக்காரர் வாங்கின அளவுக்கு மட்டும் பணம் கொடுக்கிறார்.

அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2011-ல் மேகக் கணிமைக்கு ஒரு வரையறை வெளியிட்டது. இன்றுவரை பலரும் அதைத்தான் எடுத்தாள்கிறார்கள். யாரிடமும் கேட்டு நிற்காமல் வேண்டியபோது எடுத்துக்கொள்ளுதல், வலையமைப்பு இருக்கும் எந்த இடத்திலிருந்தும் அணுகுதல், ஒரே வளத்தைப் பலரும் பங்கிட்டுக்கொள்ளுதல், தேவைக்கேற்ப விரிந்து சுருங்குதல், பயன்பாட்டை அளந்து கணக்கிடுதல் என்று அந்த வரையறை ஐந்து இயல்புகளைச் சொல்கிறது. ஐஸ் வாங்கும் நடைமுறையில் இவற்றில் பலவற்றை நாம் ஏற்கெனவே பார்த்துப் பழகியிருக்கிறோம். ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துகிறவருக்கு விரிந்து சுருங்குதல் என்பது இன்னும் எளிதாகப் பிடிபடும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வரும் கூட்டத்துக்காக ஆண்டு முழுவதும் இரண்டு மடங்கு ஆட்களைச் சம்பளத்தில் வைத்திருக்க முடியாது. கணினித் திறனும் அப்படியே.

ஆனால் இந்த உவமை ஓரிடத்தில் உடைந்துவிடுகிறது. பிரச்சினைகள் எல்லாம் அந்த உடைப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. ஐஸை நாம் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அதன் பிறகு ஐஸ் கம்பெனிக்கும் நமக்கும் பேச்சில்லை. கிளவுடிலோ நம் மீனைக் கொண்டுபோய் அவர்களுடைய குளிர்பதனக் கிடங்கில் வைத்துவிட்டு வருகிறோம். அப்போது கேள்விகள் மாறுகின்றன. என்ன மீன், எத்தனை கிலோ என்று எழுதி வைத்தோமா? கிடங்கின் சாவி யார் கையில் இருக்கிறது? அங்கே போகும் பாதை எப்போதும் திறந்திருக்குமா? நாளைக்கு வேறு கிடங்குக்கு மாற நினைத்தால் மீனை முழுதாகத் திருப்பித் தருவார்களா? ஒரு சிறுதொழில் கிளவுடுக்குத் தயாராக இருக்கிறதா என்று கேட்பது உண்மையில் இந்தக் கேள்விகளைக் கேட்பதுதான். நல்ல கணினி இருக்கிறதா என்பது அதில் மிகச் சிறிய பகுதி.

கிளவுட் சேவைகளை மூன்று அடுக்குகளாகப் பிரிப்பது வழக்கம். வெறும் கணினித் திறனையும் சேமிப்பிடத்தையும் தருவது ஒன்று. மென்பொருள் எழுதுபவர்களுக்கான தளத்தைத் தருவது மற்றொன்று. உடனே பயன்படுத்தும்படி முடிந்த மென்பொருளையே தருவது மூன்றாவது. கடை, லாட்ஜ், கருவாட்டு மண்டி, ஐஸ் கம்பெனி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் மூன்றாவதுதான் தேவை என்பதால் மற்ற இரண்டையும் இங்கே விட்டுவிடலாம். ஜோஹோ புக்ஸ் போல உலாவியில் திறந்து வேலை செய்யும் கணக்கு மென்பொருள் இந்த வகை. டேலி போலக் கடைக் கணினியில் நிறுவி ஓட்டும் மென்பொருளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, கணக்கு எந்த இடத்தில் குடியிருக்கிறது என்பதே.

கிளவுடை இதுவரை தொட்டதே இல்லை என்று சொல்லும் வியாபாரிகூட அதற்குள் இருக்கிறார். ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்யும்போதும், தொலைபேசியில் எடுத்த படம் கூகுளில் போய்ச் சேரும்போதும் அவர் பிறருடைய கணினியில்தான் தன் பொருளை வைக்கிறார். இதில் பலருக்குத் தெரியாத ஓர் இடர் உண்டு. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம், மின்னஞ்சலுக்கும் கோப்புகளுக்கும் படங்களுக்கும் பொதுவானது. பேரன் பிறந்தநாள் வீடியோக்களால் அந்த இடம் நிரம்பிவிட்டால், கடைக்கு வர வேண்டிய மின்னஞ்சல் வராது. வரித்துறை அறிவிப்பு வரவேயில்லை என்று ஒருவர் என்னிடம் சாதித்தார். திறந்து பார்த்தால் பெட்டி நிரம்பி வழிந்தது.

நாள்வழி ஒழுங்காக இருக்கிறதா?

ஒரு நிறுவனம் புதிய தொழில்நுட்பத்தை ஏற்பது எதைப் பொறுத்தது என்பதற்கு, 1990-ல் டோர்னாட்ஸ்கி, ஃபிளைஷர் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த ஒரு சட்டகம் உண்டு. தொழில்நுட்பம், நிறுவனத்தின் உள்நிலை, வெளிச்சூழல் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். சிறுதொழில்களும் கிளவுடும் பற்றிய ஆய்வுகள் பல இதையே அடித்தளமாகக் கொள்கின்றன. நம் ஊரில் பேச்சு முழுவதும் தொழில்நுட்பத்தைப் பற்றியதாகவே இருக்கிறது: எந்த மென்பொருள், எவ்வளவு வேகம், என்ன விலை. என் அனுபவத்தில் ஒரு கடையின் முயற்சி கெடுவது அங்கே அன்று, உள்நிலையில்தான் கெடுகிறது. அதிலும் குறிப்பாக, கணக்கு எழுதும் பழக்கத்தில் கெடுகிறது.

மேலே சொன்ன கருவாட்டுக் கடைக்கு மறுபடியும் வருகிறேன். பழைய பில் புத்தகங்களையும் சிட்டைகளையும் வைத்து அவருடைய கணக்கைத் திரும்பக் கட்ட உட்கார்ந்தபோது, கணினியில் போனதைவிடப் பெரிய சிக்கல் காகிதத்தில் இருந்தது. ஒரே சரக்கு ஒரு சிட்டையில் 'நெத்திலி' என்றும், இன்னொன்றில் 'நெத்தலி' என்றும், மூன்றாவதில் வெறும் 'நெ. பொடி' என்றும் எழுதப்பட்டிருந்தது. ஒரே வாடிக்கையாளர் ஓரிடத்தில் ஊர்ப் பெயராலும், வேறிடத்தில் கடைப் பெயராலும், மற்றோரிடத்தில் 'பெரியவர்' என்றும் இருந்தார். எழுதியவருக்கு எல்லாம் தெரியும். மென்பொருளுக்கு அது மூன்று சரக்கு, மூன்று ஆட்கள். இந்தச் சிட்டைகளை அப்படியே கிளவுடில் ஏற்றினால், குழப்பம் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் திறந்து பார்க்கக்கூடிய குழப்பமாக மாறும், அவ்வளவுதான்.

அதைவிட நுட்பமான ஒன்று எடை. கருவாடு வாங்கிய நாளில் இருந்த எடை விற்கும் நாளில் இருப்பதில்லை. மீதமிருந்த ஈரம் காய்ந்து குறைந்துவிடும். நூறு கிலோ வாங்கினார், தொண்ணூற்று நான்கு கிலோ விற்றார் என்று வைத்துக்கொள்வோம். மூட்டை காலியாகிவிட்டது, ஆனால் மென்பொருள் இன்னும் ஆறு கிலோ இருப்பு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எடைக்கழிவு என்று ஒரு பதிவை மாதம் ஒரு முறையாவது போடாவிட்டால், ஆண்டு முடிவில் கணினியில் மட்டும் இருக்கிற கருவாடு மலைபோலக் குவிந்திருக்கும். படகுக்காரருக்குக் கொடுக்கும் முன்பணமும் இப்படித்தான். அது வட்டிக்குக் கொடுத்த கடன் அன்று. பிடித்து வரும் மீனை இவரிடமே கொடுக்க வேண்டும் என்ற பேச்சோடு கொடுத்த பணம், மீன் விலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவது. எங்கோ உட்கார்ந்து மென்பொருள் எழுதியவருக்கு இந்த உறவு தெரிந்திருக்க நியாயமில்லை. எந்தத் தலைப்பில் இதைப் பதிய வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்யாவிட்டால், ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு தலைப்பில் விழும்.

ஆகையால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மென்பொருள் வாங்குங்கள் என்பதன்று. ஒரு சாதாரண நோட்டில், அல்லது கைவந்தால் எக்செல் போன்ற ஒரு விரிதாளில், மூன்று மாதம் நாள்வழி, அதாவது அன்றாட வரவு செலவுக் குறிப்பு, எழுதுங்கள் என்கிறேன். சரக்குக்கு ஒரே பெயர், ஆளுக்கு ஒரே பெயர், பணம் கைமாறிய அன்றைக்கே பதிவு என்ற மூன்றை மட்டும் காப்பாற்றினால் போதும். அது முடிந்ததும் ஒரு சோதனை இருக்கிறது. உரிமையாளர் மூன்று நாள் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டார், தொலைபேசியும் எடுக்கவில்லை. யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், கிடங்கில் என்ன இருக்கிறது என்று கடையில் இருக்கும் இன்னொருவர் நோட்டைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா? சொல்ல முடிந்தால் அந்தக் கடை பாதித் தூரம் வந்துவிட்டது. முடியாவிட்டால், கணக்கு இன்னும் உரிமையாளரின் தலைக்குள்தான் இருக்கிறது; தலைக்குள் இருப்பதை எந்த கிளவுடிலும் ஏற்ற முடியாது.

சாவி யார் கையில்?

கீழக்கரையில் ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கணினி தெரிந்த பையன் ஒருவன் அங்கே வேலைக்கு இருந்தான். அவனே விருப்பத்தோடு ஒரு கிளவுட் கணக்கு மென்பொருளில் கடையைப் பதிவு செய்து, ஒன்றரை ஆண்டு அழகாகப் பில் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு விசா வந்து வெளிநாடு போய்விட்டான். புதிய கணினியில் உள்ளே நுழைய முயன்றபோது ஓடிபி அவனுடைய பழைய இந்திய எண்ணுக்குப் போயிற்று. அந்த எண் ரீசார்ஜ் இல்லாமல் ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. "காக்கா, கணக்கு யாரு பேருல இருக்கு?" என்று, அந்த ஊரில் அண்ணனை அழைக்கும் முறையில், உரிமையாளரிடம் கேட்டேன். "கடை பேருலதான் தம்பி, மேலயே போட்டிருக்கே" என்றார். கடையின் பெயர் மேலே இருந்தது உண்மை. பதிவு செய்த மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் அந்தப் பையனுடையவை. அவன் நல்லவன், வெளிநாட்டிலிருந்து தன்னால் முடிந்த உதவியெல்லாம் செய்தான். அப்படியும் சேவை நிறுவனத்திடம் ஆவணங்கள் அனுப்பிக் கணக்கை மீட்க மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் மாதாந்திர வரித் தாக்கலுக்குக் கடைசி நாளான 20-ஆம் தேதி கடந்து போனது; மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணமும், வரிப் பணத்துக்கு 18 சதவீத வட்டியும் ஏறின.

கிளவுட் துறையில் பகிர்ந்த பொறுப்பு என்று ஒரு கொள்கை உண்டு. கட்டடம், மின்சாரம், கணினிகள், தீ, திருட்டு ஆகியவற்றைக் கவனிப்பது சேவை தருபவரின் பொறுப்பு. உள்ளே யார் நுழையலாம், யாருக்கு எந்தச் சாவி, எந்தத் தகவலை வைக்கலாம் என்பதெல்லாம் வாடிக்கையாளரின் பொறுப்பு. கடவுச்சொல்லைக் கல்லாவுக்கு மேலே அட்டையில் எழுதி ஒட்டி வைத்திருக்கும் கடையில் திருட்டு நடந்தால், சென்னையில் இருக்கும் கட்டடத்துக்கு எத்தனை காவல் போட்டிருந்தும் பயனில்லை.

எனவே கடைக்கென்று தனி மின்னஞ்சல் இருக்க வேண்டும். ஓடிபி வரும் எண் உரிமையாளருடையதாகவும், எப்போதும் ரீசார்ஜ் செய்யப்படுவதாகவும் இருக்க வேண்டும். கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் வைக்க வேண்டும். வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி நுழைவு கொடுத்தால், பில் போடுகிறவர் லாபக் கணக்கைப் பார்க்காமலும், யார் எந்தப் பதிவை மாற்றினார் என்று பின்னால் தெரியும்படியும் செய்யலாம். ஆள் வேலையை விட்டுப் போகும் அன்றே அவருடைய நுழைவை நீக்க வேண்டும். மீட்புக் குறியீடுகள் என்று சேவை நிறுவனம் தரும் எண்களைக் காகிதத்தில் அச்செடுத்து, நிலப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வைப்பது நல்லது. இதற்கெல்லாம் பணம் தேவையில்லை. அரை நாள் உட்கார வேண்டும்.

பாதை

ராமேஸ்வரம் தீவுக்கு வழி எத்தனை என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் வந்தது. 1988-ல்தான் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் ரயில் பாலம் சேதமடைந்தபோது மாற்றுப் பாலம் இல்லை. அதே ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை தீவுக்குள் ரயிலே வரவில்லை. ஆனால் தீவு துண்டிக்கப்படவில்லை. யாத்ரீகர்கள் தீவுக்கு வெளியே உள்ள மண்டபம் ரயில் நிலையத்தில் இறங்கிச் சாலை வழியாக வந்தார்கள். கடையின் இணையத்தையும் நான் இப்படித்தான் பார்க்கச் சொல்கிறேன். ஃபைபர் இணைப்பு ஒன்று, அது அறுந்தால் வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட தொலைபேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் ஒன்று என இரண்டு பாதைகள் இருந்தால் போதும். ஒரே நிறுவனத்தின் ஃபைபரையும் சிம்மையும் வைத்திருந்தால், இரண்டும் சேர்ந்து படுக்கும் நாள் வரலாம்.

வேகம் பற்றி வீணாகக் கவலைப்படுகிறார்கள். பில் போடுவதற்கும் பேரேடு பார்ப்பதற்கும் அதிக வேகம் வேண்டியதில்லை; அறுந்து போகாமல் இருப்பதே முக்கியம். பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களில், கணினிக்கு இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள்கூட மூலையில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டியை அதோடு இணைக்க மறந்துவிடுகிறார்கள். கணினி ஓடும், இணையம் இருக்காது. முடிவெடுக்கும் முன் இரண்டு வாரம், இணையம் எப்போது போயிற்று, எப்போது வந்தது என்று நாட்காட்டியில் குறித்துப் பாருங்கள். இணையம் இல்லாத நேரத்திலும் பில் போட்டு வைத்து, வந்த பிறகு சேர்த்துக்கொள்ளும் வசதி மென்பொருளில் உண்டா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். உண்டு என்று அவர் சொன்னால், அவர் முன்னாலேயே இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பணமும் சட்டமும்

கணினி, யுபிஎஸ், மென்பொருள் என்று ஒரே தடவையாகப் பெரிய தொகை போடுவதற்குப் பதிலாக மாதம் கொஞ்சம் கட்டுவது என்பது கிளவுடின் கவர்ச்சி. அது உண்மையான வசதிதான். ஆனால் ஐஸ் உவமை இங்கேயும் முழுதாகப் பொருந்துவதில்லை. முடிந்த மென்பொருளாகக் கிடைக்கும் சேவைகளில் பெரும்பாலானவை ஆளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று சந்தா வாங்குபவை. தடைக்காலத்தில் ஒரு பில்கூடப் போடாவிட்டாலும் சந்தா ஓடும். ஆண்டுச் சந்தா மலிவாகத் தெரிந்தாலும், முதல் ஆண்டு மாதச் சந்தாவிலேயே இருந்து, எந்த மாதத்தில் உண்மையில் எவ்வளவு பயன்படுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. சந்தாவோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். வழக்கமான பதிவில் இருப்பவர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அப்படிக் கழிக்க முடியாது, அது முழுச் செலவு.

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டு! பாம்பனில் ஒரு கணினி அத்தனை காலம் பழுதில்லாமல் ஓடினால் அதுவே பெரிது. ஆகவே கணக்கைக் கடைக்கு வெளியே ஒரு பாதுகாப்பான இடத்தில் வைப்பதற்கு இந்தச் சட்டமே போதுமான காரணம்.

லாட்ஜ் நடத்துகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய தகவலை இணையத்தில் பதிவு செய்யும் பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது. இணையத்தில் தகவல் அனுப்புவது அவர்களுக்குப் புதிதன்று. ஆனால் அறை எடுக்க வருகிறவரின் ஆதார் அட்டையை வரவேற்பு மேசையில் இருப்பவர் தன் சொந்தத் தொலைபேசியில் படமெடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அந்தப் படம் குழுவில் உள்ள ஒவ்வொருவரின் தொலைபேசியிலும், அவரவர் கிளவுட் நகலிலும் போய்த் தங்கிவிடுகிறது. காசியிலிருந்து வந்த ஒரு குடும்பம் நம்மை நம்பிக் கொடுத்த அடையாளம் அது. 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தகவலைத் தகுந்த பாதுகாப்போடு வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. சிறிய லாட்ஜுக்கு அத்தனை தொகை விதிப்பார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. எந்தத் தகவலை வாங்குகிறோம், எங்கே வைக்கிறோம், எப்போது அழிக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கிளவுடுக்குப் போக வேண்டும் என்கிறேன்.

தடைக்காலத்தில் தொடங்குவது

இன்னும் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கிளவுடில் கோப்பு இருக்கிறது என்றால் நகல் இருக்கிறது என்று பொருளில்லை. பல சேவைகள் கடைக் கணினியையும் கிளவுடையும் ஒன்றுபோல வைத்திருக்கின்றன. இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் ஒரு கோப்பு 30 நாள் இருக்கும், பிறகு போய்விடும். ஆகவே மாதம் ஒரு முறை கணக்கு முழுவதையும் விரிதாளாக இறக்கி, தனி ஹார்டு டிஸ்கில் வைத்து, அதைக் கடையில் வைக்காமல் வீட்டில் வைக்க வேண்டும். இந்த இறக்கும் வேலை இரண்டு வகையில் பயன்படும். அது நகலும் ஆகும். அந்த நிறுவனத்தை விட்டு வெளியேற முடியும் என்பதற்கு அத்தாட்சியும் ஆகும். கணக்கை முழுதாக இறக்கித் தராத மென்பொருள் எத்தனை அழகாக இருந்தாலும், அதை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

வெளிச்சூழல் இப்போது நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. மதுரையில் இருக்கும் ஆடிட்டருக்குக் கணக்கைக் காட்ட, ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போன காலம் முடிந்துவிட்டது. பார்க்க மட்டும் அனுமதியுள்ள ஒரு நுழைவை அவருக்குக் கொடுத்தால், அங்கிருந்தே பார்த்துவிடுவார். வெளியூர் வாங்குபவர்கள் சரக்குக்கு முன்னால் பில் தொலைபேசிக்கு வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். கேட்பவர்கள் இருக்கும்போது கற்றுக்கொள்வது எளிது.

படகுக்காரர்கள் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, அடிப்பலகையைச் சுரண்டி, வர்ணம் பூசி, எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறார்கள். கடலை நம்பிய கடைகளுக்கும் கணக்கைப் பிரித்துப் பார்க்க அதைவிட ஏற்ற காலம் இல்லை. ஜனவரியிலிருந்து மூன்று மாதம் நாள்வழி எழுதிப் பழகியவர், ஏப்ரல் 15-க்குப் பிறகு சரக்குப் பெயர்ப் பட்டியலையும் ஆட்கள் பட்டியலையும் ஒரே சீராக எழுதி முடிக்கலாம். மே மாதத்தில் ஏதாவது ஒரு பகுதியை மட்டும், உதாரணமாகக் கடன் பாக்கியை மட்டும், கிளவுடில் ஏற்றிப் பார்க்கலாம். பழைய நோட்டையும் அதுவரை நிறுத்தாமல் கூடவே எழுதி வர வேண்டும். கருவாட்டு வியாபாரி அப்படித்தான் செய்தார். ஜூன் இரண்டாம் வாரத்தில், படகுகளில் ஐஸ் ஏறத் தொடங்கும் முன், அவரைக் கடைக் கணினியை அணைத்துவிடச் சொன்னேன். அவருடைய மகளின் மடிக்கணினியில், அந்தக் கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இணைப்பில், உள்ளே நுழைந்து முந்தைய மாதத்துப் பாக்கிப் பட்டியலை இறக்கச் சொன்னேன். ஓடிபி அவருடைய எண்ணுக்கே வந்தது. இறக்கிய பட்டியலைக் கையில் இருந்த நோட்டோடு ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டு இடத்தில் தொகை வேறுபட்டது. இரண்டுமே நோட்டில் கூட்டல் பிழை. சிவப்பு மையால் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நோட்டை மூடி அலமாரியில் வைத்தார்.